ஏணிக்கு ஒரு சொல்

4 ஜூலை 2023, செவ்வாய். மாலை 5:40. ஆடிய ஆட்டங்கள் 38. எங்கள் அணி வென்றவை 11.

நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே பத்தொன்பது வந்திருக்கும். காரணம் தாணு. அதை எண்களோடு நிரூபிக்கத்தான் இந்த நோட்டு. டைரி எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. இது பதிவேடு.

நிலவரம்: 47-ம் எண் காற்றாலையின் கியர்பாக்ஸ் போய்விட்டது. புதியது வந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பதினெட்டு டன். கிரேன் பக்கத்தில் நிற்கிறது. காற்று விநாடிக்கு எட்டு மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் தூக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூலையில் அப்படி இறங்குவது எப்போதாவது ஒரு விடியற்காலை. இன்று மதியம் 17.2. ஆகவே தினமும் காலை ஐந்து மணிக்கு அளவு பார்க்கிறோம், இல்லை என்று தெரிந்துகொள்கிறோம், பிறகு நாள் முழுக்கக் காத்திருக்கிறோம். இன்று ஏழாவது நாள். ஆபீசிலிருந்து தினமும் போன். நான் போய் ஊதி அணைக்கவா முடியும்?

காத்திருப்பவர்கள் நான்கு பேர். நான், செழியன், சர்வீஸ் இன்ஜினியர், அம்பத்தூர்க்காரன். தாணு, டெக்னீஷியன், நாகர்கோவில், என்னோடு மேலே ஏறுகிறவன். மீரான், கிரேன் ஆபரேட்டர், கடையநல்லூர். ஜெர்லின், பாதுகாப்பு அதிகாரி, தக்கலையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் ஏணியில் கால் வைக்க முடியாது.

ஆட்டப் பெட்டியும் அவள் கொண்டுவந்ததுதான். அவள் அண்ணன் பெங்களூரிலிருந்து அனுப்பியது. பெட்டியில் நாற்பது படங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருபதை மேசையில் பரப்ப வேண்டும். ஆமை, குடை, சாவி, பாலம், இப்படி. ஓர் அணிக்கு இருவர். ஒருவர் சொல்வது, மற்றவர் தொடுவது. சொல்கிறவரிடம் மட்டும் ஒரு சிறு வரைபடம் இருக்கும். எந்த ஏழு படங்கள் எங்களுடையவை, எவை எதிரணிக்கு என்று அது காட்டும். அவர் ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லலாம். 'மழை, மூன்று' என்றால் மழையோடு ஒட்டும் மூன்று படங்களைக் கூட்டாளி தொட வேண்டும். ஜாடை கூடாது, முனகல் கூடாது. ஒரு படம் மட்டும் கறுப்பு. அதைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதலில் தங்கள் ஏழையும் தொட்டு முடிக்கிற அணிக்கு வெற்றி. நானும் தாணுவும் ஒரு பக்கம், ஜெர்லினும் மீரானும் ஒரு பக்கம். ஒற்றை எண் ஆட்டங்களில் தாணு சொல்வான், இரட்டை எண்ணில் நான்.

ஜன்னலை மூடினாலும் காற்று வருகிறது. ஆகவே ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு பெரிய நட்டு வைக்கிறோம். இருபது படம், இருபது நட்டு.

ஜெர்லின் இன்று 47-க்கான படிவம் கொண்டுவந்தாள். நான்காவது கேள்வி: கடந்த முப்பது நாட்களில் ஏறும்போது வழுக்கல், விழல், தலைசுற்றல், பயம் ஏதேனும் உண்டா? 'இல்லை' என்று டிக் செய்தேன். ஜூன் 11 கணக்கில் வராது. அரை அடிதான். ஏணியின் நடுக்கம்பியில் ஓடும் கிளிப் பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் அதை மாட்டிக்கொள்கிறோம். வேலை செய்யவேண்டிய பொருள் வேலை செய்திருக்கிறது. இதில் எழுத என்ன இருக்கிறது?

5 ஜூலை, புதன். காலை 5:05.

காற்று 11.4. மாலை இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி.

6 ஜூலை, வியாழன். மாலை 6:15. ஆட்டம் 41.

இதை முழுதாக எழுதியே தீர வேண்டும்.

தாணு சொல்லும் முறை. எங்களுக்கு மூன்று படம் பாக்கி, அவர்களுக்கு இரண்டு. தாணு வரைபடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "பைய. மூணு."

நான் மேசையைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பை ஒன்று இருந்தது. தொட்டேன். கறுப்பு.

மீரான் எழுந்து நின்று கைதட்டினார். "சாவுக்குன்னே ஒருத்தன பெத்து அனுப்பியிருக்காங்கவே அம்பத்தூர்ல!"

"பைன்னு சொன்னா பையத்தானடா தொடுவேன்?" என்றேன்.

"பை இல்லலே, பைய!" தாணு தலையில் அடித்துக்கொண்டான். "பையப் போ, பைய வா. மெதுவான்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்கும் தெரியும்லா."

"எந்த ஊர்ச் சின்னப் புள்ளைக்கு?"

"மெட்ராசத் தவிர எல்லா ஊருக்கும்" என்றாள் ஜெர்லின்.

அவன் மனத்தில் இருந்த மூன்று படங்கள்: ஆமை, மாட்டு வண்டி, ஏணி. ஆமை சரி. மாட்டு வண்டியும் போகட்டும். ஏணிக்கும் மெதுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தாணு நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "ஏணில பையத்தானே மக்கா எறங்கணும்" என்றான்.

ஏறுவதைச் சொல்லாமல் இறங்குவதைச் சொல்கிறான். தர்க்கமே கிடையாது.

புது விதி ஒன்று முன்வைத்தேன்: எல்லாருக்கும் தெரிந்த தமிழ் மட்டும். ஜெர்லின் சிரித்தாள். "ஒனக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்ச தமிழ், எங்களுக்குத் தெரிஞ்சா வட்டார வழக்கா? நல்லா இருக்கு ஒங்க நியாயம்." போன வாரம் இவளே 'வெள்ளம், இரண்டு' என்று சொல்ல, மீரான் நேராகக் குழாயையும் கிணற்றையும் தொட்டார். எனக்கு வெள்ளம் என்றால் 2015-ல் எங்கள் வீட்டு முதல் மாடி வரை வந்தது. இவர்களுக்கு அது குடிக்கிற தண்ணீர்.

விதி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது.

அந்தச் சொல்லை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

7 ஜூலை, வெள்ளி. மாலை 5:30. ஆட்டங்கள் 43, வெற்றி 12.

காற்று காலையில் 10.8. மீரான் ஜும்மாவுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வந்தார். அதற்குள் துணி துவைத்தேன். நான்கு கிளிப் போட்டும் என் கைலி பறந்துபோய் 44-ம் எண் டவரின் வேலியில் சிக்கியது. ஆடு ஒன்று அதை மென்றுகொண்டிருந்தது. மீட்டேன். கீழ் ஓரம் போய்விட்டது.

மூன்று மணிக்கு வாக்கிடாக்கிச் சொற்களுக்கான கூட்டம். கியர்பாக்ஸ் மேலே போகும்போது கிரேன் கேபினிலிருந்து மீரானுக்கு உச்சி தெரியாது. மேலே நிற்கிறவன் சொல்வதை வைத்துத்தான் அவர் லீவரை நகர்த்துவார். மேலிருந்து ஒரு சொல், ஓர் எண். 'இறக்கு, இரண்டு' என்றால் இரண்டு அங்குலம். இந்த ஆட்டமும் அதே மாதிரிதான் என்று எனக்கு இன்றுதான் உறைத்தது. மீரானிடம் சொன்னேன்.

"நீரு இப்பத்தான் கண்டுபிடிச்சீரா?" என்றார். "நான் பின்ன எதுக்கு இத ஒக்காந்து வெளையாடுதேன்? எவன் என்ன நெனச்சு என்ன வார்த்த சொல்லுதான்னு தெரிஞ்சுக்கத்தான். மேல இருக்கவன் வாயிதான்வே எனக்குக் கண்ணு. அவன் ஒரு நிமிசம் பேசாம நின்னான்னா நான் குருடன்."

ஜெர்லின் பட்டியல் எழுதினாள். ஏத்து, இறக்கு, இடது, வலது, நில். அடுத்தது வேகத்தைக் குறைப்பதற்கான சொல். நான் 'மெதுவா' என்றேன். தாணு 'பைய' என்றான். மூன்று எழுத்துக்குப் பதில் இரண்டு, காற்றிலும் கேட்கும் என்று மீரான் அவன் பக்கம். மறுபடியும் மூன்றுக்கு ஒன்று. 'பைய' பட்டியலில் ஏறியது.

எதிர்த்ததற்கு என்னிடம் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. அது என்னவென்று ஜெர்லின் கேட்டாள். யாருக்கும் பொறுமை இல்லாததால் விளக்கவில்லை.

ஆட்டம் இரண்டு. ஒன்றில் வெற்றி.

8 ஜூலை, சனி. மாலை 4:50. ஆட்டம் 44, தோல்வி.

31-ம் எண் மெஷினில் சென்சார் கோளாறு. விடியற்காலையிலேயே இருவர் ஏற வேண்டியிருந்தது. எனக்கு ஆபீசுக்கு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது, ஆகவே தாணுவையும் அடுத்த ஷிப்ட் ஸ்டான்லியையும் அனுப்பினேன். ஸ்டான்லி அனுபவசாலி, இரண்டு கியர்பாக்ஸ் மாற்றியிருக்கிறார்.

பதிவுக்காக: ஜூன் 11-க்குப் பிறகு ஏறவேண்டிய நாட்கள் ஐந்து. ஜூன் 14 வயிற்றுவலி. 19 ரிப்போர்ட். 23 ஹெல்மெட் பட்டி அறுந்திருந்தது. 27 வலது முழங்கைச் சிராய்ப்பு முழுதாக ஆறவில்லை. இன்று மெயில். ஐந்துக்கும் தனித்தனிக் காரணம். ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை.

மெயில் நான்கு வரி.

9 ஜூலை, ஞாயிறு. மதியம் 3:20.

ஜெர்லின் சர்ச்சுக்குப் போய்விட்டாள், ஆட்டம் இல்லை. தாணு தூங்குகிறான். மீரான் கிரேன் டயர்களுக்குக் காற்றுப் பார்க்கிறார். அட்டவணை போட நல்ல நாள்.

ஒவ்வோர் ஆட்டத்தையும் முடிந்ததும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். சொன்ன சொற்களும் குறிப்பில் இருக்கின்றன. நாற்பத்து நான்கு ஆட்டம். தாணு சொன்னவை இருபத்திரண்டு, நான் சொன்னவை இருபத்திரண்டு. தாணுவின் சொற்களால் எத்தனை தோல்வி என்று பிரித்தால் வேலை முடிந்தது.

முடியவில்லை. தாணு சொன்ன ஆட்டங்களில் வெற்றி எட்டு. நான் சொன்னவற்றில் நான்கு.

கணக்குத் தப்பு என்று நினைத்து இன்னொரு முறை போட்டேன். அதே எட்டு, அதே நான்கு. பிறகு படம் படமாகப் பிரித்தேன். நான் சொல்லும் முறையில் ஒவ்வொரு படமும் எங்கள் பக்கம் எத்தனை தடவை வந்தது, அதற்கு எத்தனை தடவை சொல் கொடுத்தேன் என்று. குடை ஐந்து, ஐந்து. சாவி நான்கு, நான்கு. ஆமை ஐந்து, நான்கு.

ஏணி ஆறு, பூஜ்யம்.

அந்த ஆறு ஆட்டமும் தோல்வி. மற்ற படங்களை முடித்துவிட்டு, அதைக் கடைசிக்கு ஒதுக்கி, ஒதுக்கி, எதிரணி முந்திக்கொள்ளும்வரை விட்டிருக்கிறேன்.

மாதிரி எண்ணிக்கை போதாது. ஆறு தரவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

10 ஜூலை, திங்கள். மாலை 6:00. ஆட்டம் 45, தோல்வி.

காற்று காலையில் 9.6. குறைந்துகொண்டே வருகிறது. ஆபீசில் குஷி.

அளவு பார்த்துவிட்டு, யாரும் எழுந்திருக்காத நேரத்தில் 47-ம் எண் டவருக்குள் போனேன். உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்க்க. எரிந்தது. பெல்ட் மாட்டினேன், கிளிப்பைக் கம்பியில் போட்டேன், ஏணியில் கால் வைத்தேன். ஒன்பதாவது படி வரை போனேன். டார்ச் மங்கலாக இருந்ததால் இறங்கிவிட்டேன்.

டார்ச்சுக்கு நேற்றுத்தான் புது பேட்டரி போட்டேன். கம்பெனி சரியில்லை போலிருக்கிறது.

மாலை ஆட்டத்துக்கு நடுவில் மீரான் இந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அட்டவணைப் பக்கத்தில் நின்றார்.

"இன்ஜினியரே, இது என்ன பூச்சியம்? ஒமக்கு இந்த ஏணி மட்டும் ஆகாதாவே?"

ஜெர்லின் தலை தூக்கினாள். "எங்க, காட்டுங்க."

அந்த நேரத்தில் தாணு கையில் வைத்திருந்த பாலில்லாத கட்டன் சாயா நோட்டின்மேல் கொட்டியது. "அய்யோ, கை தவறிட்டு!" என்று துணி தேடி ஓடினான். கை தவறியதா, இல்லையா என்பதற்கு ஆதாரம் இல்லை. 9-ம் தேதிப் பக்கம் பழுப்பாகிவிட்டது. எண்கள் தெரிகின்றன.

ஜெர்லின் போன பிறகு அவனிடம் கத்தினேன். பதிவேட்டை நாசம் செய்துவிட்டாய், நீ ஒரு வேலையும் உருப்படியாகச் செய்வதில்லை என்று. அவன் நோட்டின் பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைக் கிழித்து வைத்து ஒற்றிக்கொண்டிருந்தான்.

"ஏசிக்கோ மக்கா" என்றான். "நான் ஒரு மாசமா வாயத் தொறக்கல. இனியும் தொறக்க மாட்டேன். ஆனா மேல நானும்லா வாறேன்."

நான் சாப்பிடப் போனேன். கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும். கிழங்கு வேகவில்லை.

11 ஜூலை, செவ்வாய். மாலை 6:30. ஆட்டம் 46, வெற்றி.

நான் சொல்லும் முறை. படங்களை அடுக்கி நட்டு வைத்து முடித்தபோதே பார்த்துவிட்டேன். மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது. வரைபடத்தில் அது எங்கள் நிறம்.

நன்றாகவே ஆடினோம். 'கல்யாணம், மூன்று' என்றேன். தாணு தேங்காய், விளக்கு, குதிரை என்று வரிசையாகத் தொட்டான். 'பூட்டு, ஒன்று', சாவி. 'வெயில், இரண்டு', குடையும் பனைமரமும். ஆறு முடிந்தது. எங்களுக்கு ஒன்று பாக்கி, அவர்களுக்கும் ஒன்று பாக்கி, என் முறை. ஜெர்லின் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தாள். ஒரு நிமிடம்.

பாக்கி ஏணி.

இயல்பான சொற்களை வரிசையாக யோசித்தேன். படி: புத்தகம் மேசையில் இருந்தது, படிப்பது என்று எடுத்துக்கொள்வான். ஏறு: காளை இருந்தது. உயரம்: மணிக்கூண்டு இருந்தது, நிலாவும் இருந்தது; மணிக்கூண்டு கறுப்பு. கீழே என்ற சொல்லை வாய்வரை கொண்டுவந்தேன். அது வெளியே வரவில்லை. மணல் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. மேசை விளிம்பில் இருந்த என் கை வேர்த்திருந்தது. மின்விசிறி ஓடாததால்.

"என்னவே, தூங்கிட்டீரா?" என்றார் மீரான்.

"ஜூன்" என்றேன். "ஒன்று."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

தாணு ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கை நேராகப் போய் ஏணியின் மேலிருந்த நட்டைத் தூக்கியது. மற்ற படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வென்றோம்.

"ஜூனுக்கும் ஏணிக்கும் என்னவே சம்பந்தம்?" மீரான் உண்மையாகவே கேட்டார்.

"அது..." தாணு நட்டை உருட்டினான். "ஜூன்லதானே பள்ளிக்கூடம் தொறக்கும். பள்ளிக்கூடம்னா, மேல் வகுப்பு. மேலன்னா, ஏணி."

"புத்தகம் நடுவுல கெடக்கு. பள்ளிக்கூடம்னா அதத் தொடாம ஏணியத் தொட்டியா?"

"எனக்கு அப்பிடித்தான் தோணிச்சு பாய்."

"ரெண்டு பேரும் ஒரே கிறுக்கு" என்று மீரான் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜெர்லின் படங்களைப் பெட்டியில் அடுக்கினாள். நட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டாள். பத்தொன்பது. "ஒண்ணு கொறயுது" என்றாள்.

அது என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. கொடுத்தேன். உள்ளங்கையில் ஆறு மூலையும் பதிந்திருந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

"எந்த மெஷின்?" என்றாள்.

தாணு என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே அத்தனை காற்றாலைகளும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தன, 47-ஐத் தவிர.

12 ஜூலை, புதன். மாலை 6:50. ஆட்டம் இல்லை. காற்று 8.9, இறங்குமுகம். நாளைக் காலை ஐந்து மணிக்கு 5.8 என்று முன்னறிவிப்பு.

நாளை தூக்குகிறோம்.

மதியம் ஜெர்லின் தனியாக வந்தாள். கையில் புதுப் படிவம். பழையதைக் கிழித்துவிட்டதாகச் சொன்னாள்.

"டவர் ரெஜிஸ்டர் பாத்தேன்" என்றாள். "ஜூன் பதினொண்ணு, முப்பத்தொண்ணாம் நம்பர். ஒம்பது பத்துக்கு ரெண்டு பேரும் ஏறியிருக்கீங்க. பதினொண்ணேகாலுக்கு எறங்கியிருக்கீங்க. மேல போய்ச் சேரவே இல்ல. காரணம், ஸ்பேனர் மறந்துபோச்சு. ஒன் கையெழுத்து."

அவள் படிவத்தை மேசையில் வைத்து நான்காவது கேள்வியைத் தொட்டாள்.

"கேள்வி முப்பது நாளத்தான் கேக்குது. நேத்தோட முப்பது முடிஞ்சு. நீ இப்ப 'இல்லை'ன்னு போட்டா அது பொய் கெடையாது. நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அதை நான் முன்பே கணக்கிட்டிருந்தேன். 4-ம் தேதியே. என் கணக்கு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன்.

"ஆனா பதினெட்டு டன் தொங்கும்போது நீ மேல ஒறஞ்சு நின்னா, மீரான் பாய்க்குக் கண்ணு கெடையாது. ஒன் பக்கத்துல தாணு நிப்பான். காலைல நாலரைக்கு வந்து படிவத்த வாங்கிக்குவேன். நீ என்ன எழுதினாலும் நம்பிக் கையெழுத்துப் போடுவேன் செழியன். இத்தன வருசப் பழக்கத்துல ஒன்ன நம்பாம இருக்க எனக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

படிவத்தின்மேல் ஒரு நட்டை வைத்துவிட்டுப் போனாள்.

இந்தப் பதிவேட்டில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

4-ம் தேதி அரை அடி என்று எழுதினேன். அளவு சரி. ஐம்பத்திரண்டு மீட்டர் உயரத்தில், அரை அடி. ஆனால் அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் நான் நகரவில்லை. கையை எடுக்கச் சொன்னால் கை எடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த படியில் ஒரு வெல்டிங் குமிழ் இருந்தது. இருபத்தைந்து நிமிடமும் அதைத்தான் பார்த்தேன். தாணு எனக்குக் கீழே இருந்தான். பத்து நிமிடம் கூப்பிட்டுப் பார்த்தான், ஏசிப் பார்த்தான், ஒரு பாட்டுகூடப் பாடினான். பிறகு ஏறி வந்து என் கால்களோடு ஒட்டி நின்றான். என் இடது பூட்ஸைக் கையால் பிடித்து, தூக்கி, கீழ்ப் படியில் வைத்தான். பிறகு வலதை. ஒவ்வொரு படிக்கும் ஒரே சொல். நூற்று எண்பத்தாறு படி.

6-ம் தேதி அந்தச் சொல்லை இதற்குமுன் கேட்டதில்லை என்று எழுதினேன். நூற்று எண்பத்தாறு தடவை கேட்டிருக்கிறேன். அது மேசையில் வந்து விழுந்தபோது ஆமையும் தெரிந்தது, வண்டியும் தெரிந்தது, ஏணிதான் முதலில் தெரிந்தது. அதைத் தொடுவதற்குப் பதில் பையைத் தொட்டேன். கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் தொட்டேன்.

தாணு ஏன் என்னைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னான் என்று இப்போது புரிகிறது. அவன் சொல்லில் தப்பில்லை. இருபத்திரண்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி, அதுவும் தொடுகிறவன் நானாக இருந்து. நல்ல எண்.

டார்ச் நன்றாகத்தான் எரிகிறது.

தாணு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். காற்று குறைந்துவிட்டதால் ஒரு கிளிப் போதுமாக இருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஸ்டான்லி நாளைக்கு ஃப்ரீயா?" என்று கேட்டேன்.

தாணு கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டான். "காலைலயே போன் பண்ணிக் கேட்டு வச்சிருக்கேன் மக்கா" என்றான். "வருவேன்னு சொல்லிட்டாரு. நீ கேக்கட்டும்னுதான் இருந்தேன்."

நாளைக்குச் செய்யவேண்டியவை:

1. காலை 4:15-க்கு எழுவது. ஜெர்லின் கேட்பதற்குமுன் நானே படிவத்தைக் கொடுப்பது.

2. நான்காவது கேள்வி: முப்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் 'ஆம்'. தேதி, மெஷின் எண், ஐம்பத்திரண்டு மீட்டர், இருபத்தைந்து நிமிடம், நான்கையும் எழுதுவது. அரை அடி என்று எழுதக் கூடாது.

3. ரெஜிஸ்டரில் ஸ்பேனர் என்ற காரணத்தை அடித்துவிடுவது. என் கையெழுத்தோடு.

4. ஏறுவது தாணு, ஸ்டான்லி. ஆபீசுக்கு நானே போன் செய்வது. திட்டினால் கேட்டுக்கொள்வது. இடம் மாற்றினாலும் கேட்டுக்கொள்வது.

5. கீழே மீரான் பாய் கேபினுக்குப் பக்கத்தில் வாக்கிடாக்கியோடு நிற்பது. மேலிருந்து வருவதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொல்வது. 'பைய' என்று வந்தால் 'பைய' என்று சொல்வது. 'மெதுவா' என்று மாற்றக் கூடாது.

6. கியர்பாக்ஸ் உட்கார்ந்த பிறகு, நாளைக்கு இல்லை, எப்போது முடியுமோ அப்போது, 47-ன் ஏணி. ஒன்பது படி தெரியும். பத்தாவது. தாணு கீழே நிற்க ஒப்புக்கொண்டால்.

7. மாலை நான்கு மணிக்கு ஆட்டம் 47. தாணு சொல்லும் முறை. அதற்கடுத்தது என் முறை. ஏணி எங்கள் பக்கம் வந்தால் முதல் சொல்லே அதற்குத்தான். தாணுவுக்கு மட்டும் புரிகிற சொல்லாக அது இருக்கக் கூடாது.